ஓட்ஸும் உலர்ந்த திராட்சையும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் பலகார டப்பாவுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பும்போது, பாட்டிமாரும் அத்தைமாரும் கட்டிக் கொடுத்த முறுக்கும் தட்டையும் பொருள்விளங்கா உருண்டையும் அதில் வந்து குடியேறும். பதினைந்து நாளோ இருபது நாளோ சென்றால், அடியில் தங்கிய துணுக்குகளும் தீர்ந்துபோகும். ஆண்டில் எஞ்சிய பதினோரு மாதமும் அந்த டப்பாவை நிரப்புவது எது? பெரும்பாலும் கடைத்தெருப் பிஸ்கட்டுப் பொட்டலந்தான். தில்லியின் ராமகிருஷ்ணபுரமாயினும், மும்பையின் மாதுங்காவாயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியாயினும் நிலைமை ஒன்றே. கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும் வீடுகளில், பள்ளியினின்று பசியோடு திரும்பும் குழந்தையை முதலில் எதிர்கொள்வது அந்தப் பொட்டலமே ஆகும்.

இதைக் குற்றமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. எண்ணெய்ச் சட்டி வைத்து முறுக்குப் பிழிவதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், கூடமாட உதவ இரண்டு கைகளும் வேண்டும். நகர வாழ்வில் இம்மூன்றும் அரியவை. ஆயினும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்க இயலுமானால், அந்த டப்பாவை நாமே நிரப்ப ஒரு வழி இருக்கிறது. ஓட்ஸ், கோதுமை மாவு, வெல்லம், உலர்ந்த திராட்சை ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே பிஸ்கோத்துச் சுடுவதே அவ்வழி. அதைச் செய்யும் முறையை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். முறையைச் சொல்லும்போதே, ஒரு பண்டம் உடலுக்கு நல்லது என்று நாம் எதைக்கொண்டு முடிவு செய்கிறோம் என்னும் கேள்வியையும் சற்று ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லின் மூலத்தைத் தேடும் வழக்கம் எளிதில் விடுவதில்லை. ‘பிஸ்கட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘இருமுறை சுட்டது’ என்பது மூலப்பொருள். கப்பற் பயணத்தில் கெடாமலிருக்க ரொட்டியை ஒருமுறை சுட்டு, மறுபடியும் உலரச் சுட்ட காலத்துப் பெயர் அது. நம் தாத்தாமார் வாயில் வழங்கிய ‘பிஸ்கோத்து’ என்னும் சொல் போர்த்துகீசியரின் ‘பிஸ்கோய்த்து’ என்ற சொல்லோடு உறவுடையது. அமெரிக்கர் வழங்கும் ‘குக்கி’ என்ற பெயரோ டச்சு மொழியினின்று வந்தது. ‘சிறு கேக்கு’ என்பது அதன் பொருள். அதே டச்சுச் சொல்தான் இலங்கையில் ‘கொக்கிஸ்’ என்று நிலைத்துவிட்டது. பொருளோ முற்றிலும் வேறு. நம்முடைய அச்சு முறுக்கைப் போன்ற பலகாரத்துக்கு அங்கே அது பெயர். இன்று நாம் செய்யப் போவது ஒரே முறை சுடப்படும் மெத்தென்ற பண்டமாதலால், இலக்கணப்படி அது ‘குக்கி’ வகையைச் சேர்ந்தது. எனினும் பிஸ்கோத்து என்றே அழைப்போம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பாட்டிமாருக்கும் பொதுவாக விளங்கும் சொல் அதுவே.

இனி, ஓட்ஸுக்கு வருவோம். இது குளிர்ச்சியும் ஈரமும் மிக்க நாடுகளில் செழிக்கும் தானியம். கோதுமை சரிவர விளையாத ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளில் நெடுங்காலமாக மக்களைக் காத்து வந்தது இத்தானியமே. அங்கே இதன் மாவைப் பிசைந்து, நம் தோசைக்கல்லைப் போன்ற இரும்புக் கல்லில் அடையாகச் சுட்டு உண்டனர். 1755-ஆம் ஆண்டில் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைக்கு இடும் தானியம் ஸ்காட்லாந்தில் மனிதர்க்கு உணவாகிறது என்னும் கருத்துப்பட இதற்கு விளக்கம் எழுதி, ஸ்காட்லாந்துக்காரர்களின் மனத்தாங்கலுக்கு ஆளானார். வட இந்தியாவிலும் கதை ஏறக்குறைய அதுதான். பனிக்காலத்தில் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் ‘ஜயி’ என்ற பெயரில் இது கால்நடைத் தீவனமாகப் பயிராகிறது. மாட்டுத் தொழுவத்தில் ஜயி. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஓட்ஸ். தானியம் ஒன்றே, பெயருக்கு ஏற்ப மதிப்பு மாறுகிறது.

அமெரிக்காவில் ஓட்ஸைப் பிஸ்கோத்தாகச் சுடும் முறையை அச்சேற்றியவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடப்படுபவர் ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார். 1896-இல் வெளிவந்த அவருடைய சமையல் நூலில் அது இடம்பெற்றது. அவருடைய முறையில் உலர்ந்த திராட்சை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்ஸ் விற்ற கம்பெனியார் பெட்டியின் மேலேயே செய்முறையை அச்சிட்டுக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே, ஓட்ஸும் திராட்சையும் இணைபிரியாத ஜோடியாக வீடுதோறும் பரவின.

கடையில் நாம் வாங்கும் ஓட்ஸ் தட்டையாக, அவல்போல் இருப்பதை எல்லோரும் கண்டிருப்போம். அவ்வாறு செய்வதற்குக் காரணம் உண்டு. மற்றத் தானியங்களைவிட ஓட்ஸில் எண்ணெய்ப்பசை மிகுதி. அந்த எண்ணெயைக் கெடுக்கும் ஒரு நொதியும் அதிலேயே இருக்கிறது. அப்படியே அரைத்து வைத்தால் சில நாளில் கசந்து சிக்கு நாற்றம் அடிக்கும். ஆகவே உமியை நீக்கி, நீராவியில் வேகவைத்து அந்த நொதியை அடக்கி, பிறகு உருளைகளுக்கிடையே விட்டு நசுக்குகிறார்கள். நெல்லை ஊறவைத்து வறுத்து அவல் இடிப்பதற்கு இது ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரமுறை. தவிடும் முளைக்கருவும் நீங்காமல் முழுத் தானியமாகவே நமக்குக் கிடைப்பது இதன் சிறப்பு.

ஓட்ஸின் மற்றொரு சிறப்பு, ‘பீட்டா குளுக்கன்’ என்னும் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சும்போது கொழகொழவென்று திரண்டு வருகிறதே, அதற்குக் காரணமே இதுதான். குடலில் இது கூழ்போல் திரண்டு, பித்த நீரிலுள்ள பொருள்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது; அவற்றை மீண்டும் உண்டாக்க ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துப் பயன்படுத்துகிறது. இவ்வாறு கொலஸ்ட்ரால் ஓரளவு குறைகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கனை முழு ஓட்ஸிலிருந்து பெற்றால் இதய நோய்க்கான வாய்ப்புக் குறையக்கூடும் என்று பொட்டலங்களில் குறிப்பிட, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி வழங்கியது. உலகெங்கும் ஓட்ஸுக்கு ஏற்பட்ட புகழுக்கு இந்த 3 கிராம் கணக்கு ஒரு பெருங்காரணம். இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

இப்போது மற்றப் பொருள்களைப் பார்ப்போம். மாவுக்குச் சப்பாத்திக்கு வாங்கும் கோதுமை ஆட்டாவே போதும். மைதாவில் தவிடும் முளைக்கருவும் நீக்கப்படுகின்றன. எனவே நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பகுதி போய்விடுகின்றன. மைதாப் பிஸ்கோத்து வாயில் கரையும் என்பது உண்மையே. ஆட்டாவும் ஓட்ஸும் சேர்ந்த பிஸ்கோத்தைக் கடித்து மென்றுதான் உண்ணவேண்டும். மென்று உண்ணுவதால் இரண்டோடு நிறுத்துவதும் எளிதாகிறது.

இனிப்புக்கு வெல்லப் பொடி அல்லது நாட்டுச் சர்க்கரை. இங்கே வேற்று மாநிலத்துக் கடைக்காரரிடம் கேட்கும் சொல்லில் கவனம் தேவை. பஞ்சாபியர் கடையில் ‘சக்கர்’ என்றால் பொடித்த வெல்லம் கிடைக்கும். மராட்டியத்தில் ‘சாகர்’ என்று கேட்டால் வெள்ளைச் சர்க்கரையைத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். அங்கே வெல்லத்துக்குக் ‘கூள்’ என்று பெயர். வெல்லத்தின் மணமும், அதிலுள்ள சிறிதளவு இரும்பு முதலிய தாதுக்களும் வெள்ளைச் சர்க்கரையில் இல்லை. ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. 100 கிராம் வெல்லத்தில் 80 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். வெல்லம் சேர்த்ததனாலேயே ஒரு பண்டம் நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றதாகிவிடாது. நிறம் மாறினால் குணம் முழுதும் மாறிவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஆகவே வெல்லத்திலும் அளவே முக்கியம்.

கொழுப்புக்குப் பாதி நெய்யும் பாதி கடலை எண்ணெயும் சேர்ப்பது நல்லது. நெய் மணத்தையும் பொலபொலப்பையும் தருகிறது. எண்ணெய் சேர்ப்பதால் நெய்யின் கனம் பாதியாகக் குறைகிறது. வனஸ்பதியைத் தவிர்க்க வேண்டும். எண்ணெயை ஓரளவே கெட்டிப்படுத்தும் முறையில் உண்டாகும் ‘டிரான்ஸ்’ கொழுப்பு இதயத்துக்குப் பெருந்தீங்கு செய்வது. நம் நாட்டில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. விதி இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் வரவேற்க வேண்டிய அவசியம் இல்லையன்றோ?

உலர்ந்த திராட்சைக்கு நம் நாட்டில் மராட்டிய மாநிலத்துச் சாங்கலி மாவட்டம் பெயர்பெற்றது. அங்குள்ள விதையில்லாத் திராட்சையைக் காரக் கரைசலும் எண்ணெயும் கலந்த நீரில் தோய்த்து, கொட்டகைகளில் வலைத் தட்டுகளில் பரப்பி, நிழலில் உலர்த்துகிறார்கள். தோலின்மேலுள்ள மெழுகுப்பூச்சு இதனால் தளர்ந்து, ஈரம் இரண்டு வாரமளவில் வெளியேறிவிடுகிறது. மஞ்சள் நிறம் மாறாதிருக்கக் கந்தகப் புகை ஊட்டுவதும் உண்டு. ஆகையால் எவ்வளவு நேர்த்தியாகக் காணப்பட்டாலும், திராட்சையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசிய பிறகே சேர்க்கவேண்டும். திராட்சையிலும் பாதிக்குமேல் சர்க்கரையே. ஆயினும் அது நார்ச்சத்தோடும் புளிப்போடும் கூடி வருகிறது. கடிக்கும்போது ஆங்காங்கே தித்திப்பதால், மாவில் வெல்லத்தைக் குறைத்தாலும் நாக்கு குறைகூறுவதில்லை. நாம் திராட்சையைச் சேர்ப்பதன் சூட்சுமம் இதுவே.

இனி, அளவும் முறையும். ஓட்ஸ் 150 கிராம், அதாவது சுமார் ஒன்றரைக் கிண்ணம். ஆட்டா 100 கிராம், முக்கால் கிண்ணம். பொடித்த வெல்லம் 80 கிராம், அரைக் கிண்ணம். உலர்ந்த திராட்சை 75 கிராம், அரைக் கிண்ணம். நெய் மூன்று மேஜைக்கரண்டி. கடலை எண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி. புளிக்காத கெட்டித் தயிர் நான்கு மேஜைக்கரண்டி. பொடியாக நறுக்கிய பாதாம் அல்லது வேர்க்கடலை 30 கிராம். சமையல் சோடா கால் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகை. ஏலக்காய்ப் பொடியும் சுக்குப் பொடியும் தலா அரைத் தேக்கரண்டி. இந்த ஏலமும் சுக்கும் பொருள்விளங்கா உருண்டையிடமிருந்து நாம் கடன் வாங்கியவை. அமெரிக்கர் லவங்கப்பட்டை சேர்ப்பார்கள், அதுவும் பொருந்தும். முட்டை தேவையில்லை. தயிரே மாவைப் பிணைத்து, சோடாவோடு கூடிப் பிஸ்கோத்தை மெல்ல உப்பச் செய்யும். சிலவகைப் பொட்டலங்களில் மசாலாவும் உப்பும் கலந்த ஓட்ஸ் வருகிறது. அது இதற்கு ஆகாது. ஒன்றும் கலவாத தட்டை ஓட்ஸையே வாங்கவேண்டும்.

அலசிய திராட்சையை வெந்நீரில் பதினைந்து நிமிஷம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி, இரண்டிரண்டாக நறுக்கிக்கொள்க. ஊறாத திராட்சை மாவிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே துருத்திக்கொண்டிருப்பது சூட்டில் கருகிக் கசக்கும். ஓட்ஸை வெறும் வாணலியில், உப்புமாவுக்கு ரவை வறுப்பதுபோல, மணம் வரும்வரை இளந்தீயில் வறுக்கவேண்டும். ஆறியபின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கொரகொரப்பாகப் பொடித்து, எஞ்சியதை அப்படியே விட்டுவிடலாம். பொடித்த பங்கு மாவைப் பிணைக்கும். பொடிக்காத பங்கு கடிக்கச் சுவை தரும்.

ஒரு பாத்திரத்தில் நெய், எண்ணெய், வெல்லப் பொடி மூன்றையும் கட்டியின்றிக் குழைத்து, தயிரையும் ஊற்றி நன்றாகக் கலக்கவேண்டும். மற்றொன்றில் ஆட்டா, ஓட்ஸ், சோடா, உப்பு, ஏலம், சுக்கு ஆகியவற்றைக் கலந்து, முதற் பாத்திரத்தில் கொட்டிக் கரண்டியால் கிளறுக. சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை மிகுந்து பிஸ்கோத்து கெட்டித்துவிடும். சேர்த்துப் பிடித்தால் போதும். பிறகு திராட்சையும் பருப்பும் சேர்த்து அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். ஓட்ஸ் தாமதமாகவே ஈரத்தை இழுக்கும் குணமுடையது. இந்த அரைமணி ஓய்வு இல்லையானால் பிஸ்கோத்து உதிர்ந்துபோகும். மாவு வறண்டிருந்தால் ஒன்றிரண்டு கரண்டி பால் தெளித்துக்கொள்ளலாம். எலுமிச்சம்பழ அளவில் 24 உருண்டைகள் உருட்டி, உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக அழுத்துக. வெல்லம் குறைவாதலால் இம்மாவு சூட்டில் தானாகப் பரவாது. சர்க்கரை உருகிப் பரவுவதனாலேயே கடைப் பிஸ்கோத்துகள் அகன்று மொறுமொறுப்பாகின்றன. நாமோ என்ன வடிவில் தட்டி வைக்கிறோமோ அதே வடிவில் எடுப்போம்.

மின்சார ஓவன் உள்ளவர்கள் அதை 170 டிகிரி சென்டிகிரேடுக்கு முன்கூட்டியே சூடேற்றி, பதினான்கு முதல் பதினாறு நிமிஷம் சுட்டால் போதும். ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் மெத்தென்றிருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும். ஓவன் இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கனமான அகன்ற பாத்திரத்தின் அடியில் உப்பையோ மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலி வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடேற்றுக. நெய் தடவிய தட்டில் ஆறேழு பிஸ்கோத்துகளை அடுக்கி வளையத்தின்மேல் வைத்து, மூடி, இளந்தீயில் இருபது நிமிஷமளவு விட்டால் பக்குவமாக வெந்திருக்கும். நான்கு ஈடாகச் சுட்டால் அன்றைய வேலை முடிந்தது.

வட இந்தியாவில் வாழ்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. தில்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களில், வீட்டு ஆட்டாவையும் நெய்யையும் சர்க்கரையையும் பாலையும் தூக்கிக்கொண்டு போய், தெருமுனை ரொட்டிக் கடையில் கொடுத்து, பிஸ்கோத்தாகச் சுட்டு வாங்கிவரும் வழக்கம் நெடுநாளாக இருந்து வந்திருக்கிறது. சில பேட்டைகளில் இன்றும் தொடர்கிறது. தகர டப்பாவோடு சென்றவர்கள், தங்கள் நெய் தங்கள் மாவில்தான் சேருகிறதா என்று அடுப்பருகிலேயே காத்திருந்து கவனிப்பார்களாம். இதைக் கேட்கும்போது நம் ஊர் மாவு மில் நினைவுக்கு வரவில்லையா? அரிசியையோ மிளகாயையோ எடுத்துச் சென்று, முன்னவர் மாவு நம் மாவோடு கலந்துவிடாதபடி விழிப்போடு நின்று அரைத்து வாங்கிய மக்கள்தாமே நாம்! நம்முடைய பொருள் நம் கண்முன் பண்டமாகவேண்டும் என்னும் கருத்து வடக்கும் தெற்கும் அறிந்த ஒன்றே. அத்தகைய கடை அருகிலிருந்தால், பிசைந்த மாவை அங்கே கொடுத்தும் சுட்டு வாங்கலாம்.

வாழுமிடத்துக்கு ஏற்பப் பொருள்களை மாற்றிக்கொள்வதும் நன்று. பெங்களூரில் இருப்பவர்கள் ஆட்டாவில் கால் பங்கை நீக்கிக் கேழ்வரகு மாவு சேர்க்கலாம். சுண்ணாம்புச்சத்தில் அரிசியும் கோதுமையும் அதற்கு அருகில் வரமாட்டா. ராஜஸ்தானத்தில் கம்பும், மராட்டியத்தில் சோளமும் அவ்வாறே உதவும். ஆனால் இத்தானியங்களில் கோதுமையின் பசை இல்லையாதலின், கால் பங்குக்கு மேல் சேர்த்தால் பிஸ்கோத்து கையில் எடுக்கும்போதே உதிரும். கொல்கத்தாவில் பனிக்காலத்தில் ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சிச் செய்யும் ‘நோலன் குர்’ கிடைக்கிறது. நம் கருப்பட்டியின் மணத்தை மறவாதவர்களுக்கு அது ஓர் ஆறுதல். அதைச் சீவிப் போட்டுச் செய்த பிஸ்கோத்துக்குத் தனிச்சுவை உண்டு. மும்பை மழைக்காலத்தில் எந்தப் பிஸ்கோத்தும் இரண்டே நாளில் நமத்துப்போகும். ஐந்து நிமிஷம் மறுபடி சூடேற்றி ஆறவிட்டு எடுத்தால் மொறுமொறுப்பு மீளும். அப்போதுதான் அது இலக்கணப்படியும் ‘இருமுறை சுட்ட’ பிஸ்கோத்தாகிறது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் ஏழெட்டு நாள் கெடாது.

இனி, கணக்குக்கு வருவோம். நாம் சொன்ன அளவில் செய்த 24 பிஸ்கோத்துகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கலோரி தருவது. வெல்லம் ஒன்றுக்கு மூன்று கிராமுக்குச் சற்று அதிகம். ஓட்ஸோ ஒன்றுக்கு ஆறு கிராமளவே. ஓட்ஸில் பீட்டா குளுக்கன் 100-க்கு 4 பங்கு என்று வைத்துக்கொண்டால், முன்னே சொன்ன 3 கிராமைப் பெற 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். அதாவது பன்னிரண்டு பிஸ்கோத்து தின்றாக வேண்டும். அதனோடு 1,200 கலோரியும் 40 கிராம் வெல்லமும் உள்ளே போகும். உணவில் தனியே சேரும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் அடங்கினால் மேலும் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. இதயத்தைக் காக்கப் பிஸ்கோத்தைத் தின்றால் சர்க்கரை வரம்பு உடைந்துபோகும் என்பது இதனால் விளங்கும். ஓட்ஸின் பயனை நாடுவோர் காலையில் மோர்விட்டு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதே முறை. பிஸ்கோத்து என்பது பலகாரம். நல்ல பொருள்களால் ஆன பலகாரம், ஆயினும் பலகாரமே.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவோடு வாழ்வதாகவும், அந்நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டது. நம்மில் யார் வீட்டில்தான் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இல்லை? ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் தகப்பனார், ‘ஓட்ஸ்தானே, வெல்லந்தானே’ என்று நாலைந்தை எடுத்துக்கொண்டால், தடுப்பதற்கு மருமகளுக்கு நா எழாது. ஆகவே அளவை டப்பாவில் போடும்போதே தீர்மானித்துவிடுவது நல்லது. குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு, பெரியவர்களுக்கு ஒன்று என்பது நம் கருத்து. நீரிழிவு உடையவர்கள் மருத்துவரின் சொற்படி நடக்கவேண்டும். மிகச் சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கான மாவில் பருப்பைப் பொடித்தே சேர்க்கவேண்டும். முழுத் துண்டுகள் தொண்டையில் சிக்கக்கூடும்.

‘ஓட்ஸ் பிஸ்கட் என்றே கடையில் விற்கிறதே, இத்தனை சிரமம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். வாங்குவதில் தவறில்லை. ஆனால் பொட்டலத்தின் முகப்பைப் பார்த்து வாங்காமல், திருப்பிப் பின்புறத்தைப் படிக்கவேண்டும். சேர்ந்துள்ள பொருள்களை எடை மிகுந்தது முதலாக, குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தி அச்சிடவேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஓட்ஸ் என்று பெரிய எழுத்தில் பெயர் தாங்கிய பண்டத்தின் பட்டியலில் மைதா முதலாகவும், சர்க்கரை அடுத்ததாகவும், ஓட்ஸ் எங்கோ பின்வரிசையிலும் நிற்குமானால், அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது விளங்கிவிடும். குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் இந்தப் பட்டியலைப் படிக்கப் பழக்கலாம். எந்த மொழியில் அச்சிட்டிருந்தாலும் வாழ்நாள் முழுதும் உதவும் படிப்பு அது.

பாட்டியின் உருண்டைக்குப் ‘பொருள்விளங்கா’ என்ற பெயர் இருந்தாலும், அதில் அரிசியும் பயறும் வெல்லமும் சுக்கும் இருந்ததை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். வறுத்தபோது மணத்தை முகர்ந்தவர்கள், இடித்தபோது உலக்கை பிடித்தவர்கள் அவர்கள். பெயரில்தான் பொருள் விளங்கவில்லை. பண்டத்தில் ஒன்றும் மறைவில்லை. இன்று பொட்டலங்களின் பெயர் நன்றாக விளங்குகிறது. உள்ளிருக்கும் பொருள்தான் விளங்குவதில்லை. வீட்டில் சுட்ட பிஸ்கோத்து இந்தக் குறையைத் தீர்க்கிறது. எத்தனை வெல்லம், எவ்வளவு நெய், எந்தத் திராட்சை என்பது சுட்டவர்க்கும் தெரியும். பக்கத்தில் நின்று உருட்டிக் கொடுத்த குழந்தைக்கும் தெரியும். நல்ல பண்டம் என்று நாம் கருதுவது இதைத்தான். ஓட்ஸ் கிடைக்காத ஊரில் கெட்டி அவலை வறுத்துப் பொடித்துச் செய்தாலும் அந்த நன்மை மாறாது.

உருட்டும் வேலையைக் குழந்தைகளிடமும், அடுப்பைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டு ஆண்களிடமும் ஒப்படைத்தால், ஒரு மணி நேர வேலை யாருக்கும் பாரமாகாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்ஸையும் திராட்சையையும் வாங்கிவைத்துத் தொடங்கிப் பாருங்கள். முதல் ஈட்டில் ஒன்றிரண்டு கருகினால் மனம் தளர வேண்டாம். தோசையில் முதலாவது கல்லுக்குத்தானே போகிறது!